வலிக்கு ஒரு பொத்தான்

மச்சி,

போன மாதம் மறுபடியும் அந்தப் பொத்தானை என் கையில் கொடுத்தார்கள். இந்தத் தடவை வலது முட்டி. அடையாறில் அதே ஆஸ்பத்திரி, அதே மாடி, ஜன்னலோரக் கட்டில். பொத்தான்தான் கொஞ்சம் மாறியிருக்கிறது. முன்பு வெள்ளை, இப்போது பச்சை. கட்டைவிரலுக்கு வாகாக நடுவில் ஒரு குழி. அதிலிருந்து ஒரு ஒயர் போய், கட்டிலோரக் கம்பியில் மாட்டியிருக்கிற மெஷினில் சேர்கிறது. மெஷினுக்குள் வலி மருந்து. வலிக்கும்போது அமுக்கினால் கொஞ்சம் நரம்பில் இறங்கும். உனக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆஸ்பத்திரியில் உன்னைவிட அதிகமாக அதை அமுக்கியவன் எவனும் இருக்க மாட்டான்.

மெஷினின் மேல் இப்போது சிவப்பு நிறத்தில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்கள். 'நோயாளி மட்டுமே அழுத்த வேண்டும்' என்று தமிழில், கொட்டை எழுத்தில். உனக்குச் சிலை வைக்கவில்லை, இதை வைத்திருக்கிறார்கள்.

ஸ்டிக்கரோடு ஒரு கதையும் சொல்கிறார்கள். ஒயரை மாட்டிய சிஸ்டர் சின்னப் பெண், புதிதாக வேலைக்குச் சேர்ந்தவள். என் மகளைப் பார்த்துச் சொன்னாள்: "மேடம், இத அவரு மட்டும்தான் அமுக்கணும். பாவம்னு நெனச்சிக்கூட நீங்க தொடாதீங்க. இங்க முன்னாடி ஒரு பேஷண்டோட ஃப்ரெண்டு, பஸ் டிரைவராம். பக்கத்துல உக்காந்து ஹாரன் அடிக்கிற மாதிரி அமுக்கிட்டே இருந்திருக்காரு. பேஷண்டு மேல போய் எட்டிப் பாத்துட்டு வந்தாரு." சொல்லிவிட்டுச் சிரித்தாள்.

மகள் சிரிக்கவில்லை, குனிந்து என் போர்வையைச் சரி செய்தாள். நான் சிரித்தேன் மச்சி. எட்டிப் பார்த்துவிட்டு வந்த அந்த பேஷண்டு நான்தான் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. 'அவன் ஹாரன் அடிக்கலம்மா' என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவளோடு சேர்ந்து பல்லைக் காட்டினேன். அவள் போன பிறகு எனக்கே என் முகத்தைக் காட்டப் பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

அவளிடம் உன்னைப் பற்றிச் சொல்வதென்றால் எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அன்று மதியம் முழுக்க யோசித்தேன். நொச்சிக்குப்பத்துக்காரன். அப்பா, சித்தப்பா, அண்ணன் எல்லாரும் கடலுக்குப் போகிறவர்கள். படகில் ஏறிய உடனே வாந்தி எடுக்கிறாய் என்று உன்னைக் கரையிலேயே விட்டுவிட்டார்கள். "தண்ணில ஓட்ட வர்ல, தார்ல ஓட்றேன்" என்று நீயே சொல்லிச் சிரிப்பாய். திருவான்மியூரிலிருந்து தி. நகர் போகிற வண்டிக்கு நீ டிரைவர், நான் கண்டக்டர். வேறு ஜோடி போட்டாலும் யார் கையையாவது காலையாவது பிடித்து மறுபடி ஒன்றாக வந்துவிடுவோம். உன் வீட்டுச் சண்டையிலிருந்து என் மனைவி காலமானது வரைக்கும் எல்லாம் அந்த வண்டிக்குள்தான் பேசினோம், அதுவும் ஆளுக்கு ஒரு கோடியில் இருந்துகொண்டு.

காலை நேரக் கூட்டத்தில் உனக்குப் பின்னால் என்ன நடக்கிறதென்று உனக்குத் தெரியாது. கண்ணாடியில் பார்த்தாலும் படிக்கட்டு தெரியாது, அக்குள்கள்தான் தெரியும். அதனால் என் விசில்தான் உனக்கு எல்லாம். ஒன்று ஊதினால் நிறுத்துவாய், இரண்டு ஊதினால் எடுப்பாய். கூட்டத்தில் விசிலை வாய்க்குக் கொண்டுபோக முடியாதபோது தகரத்தைத் தட்டுவேன். நீ அங்கிருந்து "ரைட்டா?" என்று குரல் கொடுப்பாய். நான் "ரைட்" என்பேன். அடுத்த நொடி வண்டி நகரும். மற்ற டிரைவர்கள் ஒருமுறை தலையை நீட்டிப் பார்த்துக்கொள்வார்கள். நீ பார்க்க மாட்டாய். ஏன் என்று நான் கேட்டதற்கு, "கண்ணு உன்து, காலு என்து" என்றாய்.

லஸ் கார்னரில் கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் படியில் ஒரு கால் வைத்திருக்கும்போதே வண்டி நகர்ந்து, கீழே விழுந்தாள், நினைவிருக்கிறதா? அவளுக்கு அடியில்லை, கூடைதான் உருண்டது. ஆனால் விஷயம் டிப்போவுக்குப் போய்விட்டது. விசில் கொடுத்தது நான் என்றேன், அதுதான் உண்மை. விசிலே வரவில்லை, நானாக எடுத்துவிட்டேன் என்று நீ சாதித்தாய். மேனேஜர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "ஒருத்தனுக்காக ஒருத்தன் புளுகறதுல உங்கள அடிச்சிக்க ஆளில்ல, போங்கய்யா" என்று விரட்டினார். அன்றிலிருந்து டிப்போவில் நமக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. நாம் எதைச் சொன்னாலும், அடுத்தவனைக் காப்பாற்றச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

நின்றே வேலை பார்த்தவனுக்கு முட்டி போகும், உட்கார்ந்தே வேலை பார்த்தவனுக்கு முதுகு போகும். ஓய்வுபெற்ற கொஞ்ச காலத்தில் எனக்கு இடது முட்டி சுத்தமாகத் தேய்ந்துவிட்டது. மேற்கு மாம்பலத்தில் வீட்டு மாடிப்படி ஏறவே மகள் தோளைப் பிடிக்க வேண்டியிருந்தது. ஆபரேஷன் என்று முடிவானதும் நீ அவளிடம், "நீ ஆபீசு போய்க்கினு இரும்மா, பகல்ல நா உக்காந்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாய்.

அந்த மயக்க மருந்து டாக்டரம்மாவை நீ முதல்முதலாகப் பார்த்த நிலைமை நல்ல நிலைமையில்லை. ஆனால் அவர் நல்லவர். நரைத்த தலை, படபடவென்ற பேச்சு. முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரக்க வைத்துவிட்டு, ஆபரேஷன் முடியும்வரை என் தலைமாட்டிலேயே உட்கார்ந்திருந்தார். எனக்கு நடுங்கியது. உள்ளே வெந்நீர்ச் சூட்டில் காற்று ஊதுகிற ஒரு போர்வையை என்மேல் போட்டார். அவர் எதிரில் ஒரு திரை. அதில் பச்சையாக ஒரு கோடு, மஞ்சளாக ஒரு கோடு, கீழே எண்கள். கையில் கட்டிய பட்டை நேரத்துக்கு நேரம் தானாக இறுகித் தளரும். கீழ்ப்பக்கம் சுத்தியல் சத்தம். "டாக்டர், யாரோ வீடு கட்றாங்க போலிருக்கே" என்றேன். "உங்க முட்டிக்கு இன்னிக்குக் கிரகப்பிரவேசம்" என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

வார்டுக்கு வந்த பிறகும் கூடவே சில மெஷின்கள் வந்தன. விரலில் ஒரு கிளிப், ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்ட. மூக்கில் ஒரு மெல்லிய குழாய், நான் விடுகிற மூச்சை எண்ண. அப்புறம் இந்தப் பொத்தான். டாக்டரே வந்து எனக்கும் மகளுக்கும் விளக்கினார். "வலிச்சா அமுக்குங்க. மருந்து ஏறினா தூக்கம் வரும். தூங்கிட்டா அமுக்க மாட்டீங்க. அமுக்கலேன்னா மேல மருந்து போகாது. உங்க தூக்கம்தான் இதுக்குப் பூட்டு. அதனால வேற யாரும் இதைத் தொடக் கூடாது." அந்த நேரத்தில் நீ கீழே வாசலில், இளநீரை உள்ளே விட மாட்டேன் என்ற செக்யூரிட்டியோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தாய். நீ மேலே வந்தபோது டாக்டர் போய்விட்டார். வலித்தால் இதை அமுக்க வேண்டுமாம் என்று மட்டும் நான் உன்னிடம் சொன்னேன். பூட்டு விஷயத்தைச் சொல்லத் தோன்றவில்லை.

மறுநாள் மதியம் மகள் குளித்துவிட்டு வரலாமென்று வீட்டுக்குப் போனாள். நீ ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையையே பார்த்தாய்.

"இன்னா கண்டக்டரே, டேஷ்போர்டு கணக்கா கீது. இதுல டீசல் முள்ளு எது?"

"அந்தத் தொண்ணூத்தெட்டுதான். ஆக்சிஜன்."

"அப்ப ஃபுல் டேங்க். தூங்கு."

தூங்கிப் போனேன். தூக்கத்தில் கால் அசைந்திருக்க வேண்டும், முனகியிருக்கிறேன். பொத்தான் கையிலிருந்து நழுவிக் கட்டிலுக்குக் கீழே தொங்கியது. நீ அதை எடுத்தாய். உன் குரல் வண்டியின் முன்பக்கத்திலிருந்து வருகிற மாதிரி எனக்குக் கேட்டது. "நைனா, வலிக்குதா? ரைட்டா?" என்றாய். "ரைட்" என்றேன். பொத்தானை அமுக்கினால் மெஷின் 'கீக்' என்று ஒரு சத்தம் போடும், அதுவும் கேட்டது. கொஞ்ச நேரம் சுகமாக இருந்தது. மறுபடி "ரைட்டா?". மறுபடி "ரைட்". எத்தனை முறை என்று எனக்குத் தெரியாது. கடைசியில் வண்டி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது, நான் எந்த நிறுத்தத்திலும் இறங்கவில்லை.

மிச்சம் மற்றவர்கள் சொன்னது. மூச்சு குறைந்துகொண்டே போய், மூக்குக் குழாய் முதலில் கண்டுபிடித்து அலறியிருக்கிறது. பிறகு விரல் கிளிப். சிஸ்டர் ஓடி வந்தபோது என் உதடு நீலம் பாரித்திருந்ததாம். டாக்டர் ஓடி வந்து, முகத்தில் ஆக்சிஜன் வைத்து, ஒரு மாற்று ஊசி போட்டார். அந்த ஊசி என்னைப் பிழைக்க வைத்தது. கூடவே உடம்பிலிருந்த வலி மருந்து அத்தனையையும் ஒரேயடியாகத் துடைத்துவிட்டது. அறுத்த முட்டி மொத்தமும் ஒரே சமயத்தில் வலிக்க, அலறிக்கொண்டு கண்ணைத் திறந்தேன்.

கண்ணைத் திறந்ததும் பார்த்தது உன்னைத்தான். சுவரோடு சுவராக நின்றுகொண்டிருந்தாய். பொத்தான் இன்னும் உன் கையிலேயே இருந்தது. ஒயர் நீண்டு விறைத்திருந்தது.

"யார் நீங்க? இவருக்கு என்ன வேணும்?" டாக்டர் கத்தினார்.

"இவரு கண்டக்டரு மேடம். நா டிரைவரு."

"உறவான்னு கேட்டேன்."

நீ என்னைப் பார்த்தாய். "அதான் மேடம் சொன்னேன்."

"இன்னும் ரெண்டு தடவ அமுக்கியிருந்தீங்கன்னா இந்த மனுஷன் இல்ல. தெரியுமா உங்களுக்கு?"

பொத்தானை இரண்டு கையாலும் பிடித்துக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாய், கைக்குழந்தையைக் கீழே விடுகிற மாதிரி. வார்டில் எல்லாக் கட்டிலிலிருந்தும் ஆட்கள் உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை வருஷத்தில் ஒரு சைக்கிள்காரனைக்கூட இடித்ததில்லை என்று மார்தட்டிக்கொண்ட டிரைவர் நீ. வலியில் என்னால் பேச முடியவில்லை. வெளி வராண்டாவில் மகள் வந்துகொண்டிருந்தாள். பாவாடை கட்டிய காலத்திலிருந்து உன்னை மாமா என்று கூப்பிட்டவள், "மாமா, இனிமே நீங்க வராதீங்க. கையெடுத்துக் கும்பிடறேன்" என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது.

பேச வந்தவுடன் சொன்னேன் மச்சி. மறைக்கவில்லை. அன்று சாயந்திரமே மகளிடமும் டாக்டரிடமும் சொன்னேன், அவன் கேட்டுவிட்டுத்தான் அமுக்கினான், ரைட் கொடுத்தது நான் என்று. டாக்டர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். "இந்த மருந்துல இருக்கறப்ப கேட்டதா, கனவான்னு உங்களுக்கே தெரியாது சார். விடுங்க." மெஷினைக் கேட்கலாமென்றால், அமுக்கியது மட்டும்தான் அதற்குத் தெரியும், யார் கேட்டார், யார் பதில் சொன்னார் என்று அதற்குத் தெரியாது. மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "அவருக்காகப் பொய் சொல்லாதீங்கப்பா. உங்க ரெண்டு பேரையும் எனக்குத் தெரியாதா?" நாம் சம்பாதித்து வைத்திருந்த பெயர் அப்படி.

அதைவிடப் பெரிய வேலையை நீ செய்தாய். ஊன்றுகோலோடு பென்ஷன்காரர்கள் கூட்டத்துக்கு நான் முதல்முறை போனபோது, திருவான்மியூர் டீக்கடையில் பழைய ஆட்கள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டார்கள். நீ எல்லாரிடமும் ஏற்கனவே சொல்லி வைத்திருந்தாய். "செத்துப் பொழச்சிக்கினு எய்ந்தவன் இன்னா சொன்னான் தெரிமா? நான்தான் ரைட் குடுத்தேன்றான். எனக்கோசரம் பொய் சொல்றாம்பா. எவனுக்குக் கெடைப்பான் இந்த மாதிரி?" அது பொய்யில்லை, நிஜம்தான் என்று நான் சொன்னேன். சொல்லச் சொல்ல இன்னும் உருகினார்கள். கொஞ்ச நேரத்துக்குப் பிறகு நானும் சும்மா இருந்துவிட்டேன். நண்பனுக்காகப் பழியை ஏற்கிறவன் என்று நாலு பேர் சொல்லக் கேட்பது நன்றாகத்தான் இருந்தது. டாக்டர் சொன்ன மாதிரி கனவாகவே இருக்கலாம் என்று நானும் என்னை நம்ப வைத்துக்கொண்டேன். அதுதான் எனக்கும் வசதி.

அந்தக் கூட்டத்தில் நீ டீக்கடை பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருந்தாய். எப்போதும் எனக்குப் பக்கத்தில் உட்கார்கிறவன். ஒருமுறை வஞ்சிர மீன் வாங்கிக்கொண்டு மாம்பலம் வந்தாய், பையை கேட்டில் மாட்டிவிட்டு, "குயம்பு வையி" என்று தெருவிலிருந்தே சொல்லிவிட்டுப் போனாய். உள்ளே வா என்று நான் கூப்பிடவில்லை. மகள் வீட்டில் இருந்தாள். உனக்கு வெட்கம், மகள் முகத்தில் விழிக்கக் கூசுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். உன் வெட்கத்தைப் பார்க்க எனக்கும் கூச்சமாக இருந்தது. தொந்தரவு செய்யாமல் இருப்பதுதான் மரியாதை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போன வருஷம் ஒரு காலையில் டீ குடித்துக்கொண்டிருந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டாய் என்று போன் வந்தது. உன் வீட்டு வாசலில் எல்லாரும் தரையில் உட்கார்ந்திருக்க, முட்டி மடங்காததால் எனக்கு மட்டும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். "இவருதான், நம்மாளுக்காகப் பொய் சொன்ன கண்டக்டரு" என்று யாரோ யாருக்கோ சொன்னார்கள். அந்த நாற்காலியில் நான் எப்படி உட்கார்ந்திருந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

இனி போன மாதத்துக்கு வருகிறேன். சிஸ்டர் கதை சொன்ன மறுநாள் மதியம், மகள் லீவு போட்டுவிட்டு என் பக்கத்திலேயே இருந்தாள். நான் தூங்கி எழுந்தபோது அவள் ஸ்டூலில் இல்லை. மருந்து கொண்டுவந்த சிஸ்டர், மேடம் வராண்டாவில் நின்று அழுகிறார் என்றாள். உள்ளே வந்ததும் மகள் என் முகத்தைப் பார்க்காமல் பேசினாள்.

"தூக்கத்துல முனகினீங்க. வலிக்குதாப்பான்னு கேட்டேன். ரைட்டுன்னீங்க."

நான் திரும்பி மெஷினைப் பார்த்தேன்.

"கண்ணு மூடித்தான் இருந்துது. மூச்சும் சீரா வந்துட்டிருந்தது. நல்லா தூங்கறீங்க. சந்தேகமா இருக்கேன்னு மறுபடி கேட்டேன். மறுபடியும் ரைட்டு. நான் எப்பக் கேட்டாலும் ரைட்டுன்றீங்கப்பா."

"நீ அமுக்கினியா?"

"இல்ல." உதட்டைக் கடித்துக்கொண்டாள். "ஆனா என் கை அதுகிட்டப் போச்சு. அந்த ஸ்டிக்கரப் பாத்துத்தான் எடுத்தேன்." அப்புறம் தேம்பினாள். "மாமாவ நான் கும்பிட்டு வெளிய அனுப்பினேனேப்பா."

நிஜமாகவே நான் ரைட் கொடுத்திருக்கிறேன் மச்சி. கனவில்லை. இதைச் சொல்ல உன்னிடம் ஓடி வர வேண்டும், நீ இல்லை. அவள் அழுதுகொண்டிருந்தாள், நான் அவள் தலையில் கை வைத்துக்கொண்டு படுத்திருந்தேன், யார் யாருக்குச் சமாதானம் சொல்வதென்றே தெரியவில்லை.

அதே டாக்டர்தான் இப்போதும். தலை முழுக்க வெளுத்துவிட்டது. சாயந்திரம் பார்க்க வந்தவரிடம் மகளே எல்லாவற்றையும் சொன்னாள். "இவர் சொல்லியிருந்தாலும் அவர் அமுக்கியிருக்கக் கூடாது. அதுல மாத்தமில்ல" என்றார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஆனா அந்த டிரைவர் வார்டுக்கு வந்தப்புறம் நாங்க யாரும் அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல. திட்டறதுக்கு மட்டும் போய் நின்னேன்." மறுநாள் எதிர்க் கட்டிலுக்குப் புது ஆள் வந்தபோது சிஸ்டரின் கதை மாறியிருந்தது. "பேஷண்டு தூக்கத்துல ஆமா ஆமான்னுதான் சொல்லுவாரு, அத நம்பி யாரும் அமுக்கிடாதீங்க. தோ, அந்த சாரே அப்படித்தான்" என்று என்னைக் காட்டினாள். ஹாரன் போய்விட்டது. உன் இடத்தில் என்னை உட்கார வைத்துவிட்டார்கள். இந்தத் தடவை சிரிக்காமல் தலையாட்டினேன்.

வாக்கரோடு வெளியே போகலாம் என்று டாக்டர் அனுமதித்த வாரம், ஆட்டோ வைத்துக்கொண்டு நொச்சிக்குப்பம் போனேன். மகளும் வருகிறேன் என்றாள், நான்தான் வேண்டாம் என்றேன். உன் மனைவி சாலையோரத்தில் பலகை போட்டு மீன் வைத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து, கவிழ்த்து வைத்திருந்த பெட்டியைத் தட்டிப் போட்டாள். முட்டி மடங்காது என்று நின்றுகொண்டே பேசினேன். உன் புருஷன்மேல் தப்பில்லை, அன்றைக்கு ரைட் கொடுத்தது நான், அது கனவில்லை, இப்போது என் மகளே காதால் கேட்டுவிட்டாள் என்று வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்ததைச் சொல்லி முடித்தேன். அவள் சங்கரா மீனுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ண்ணா" என்றாள்.

"எது தெரியும்?"

"நீ ரைட் குடுத்தது. அன்னிக்கே வந்து சொல்லிச்சே. 'கேட்டுட்டுத்தான்டி அமுக்கினேன், அவன் வாயால சொன்னான்'னு. கனவு கினவெல்லாம் இல்ல."

"அப்ப டிப்போல எல்லார்கிட்டயும் நான் பொய் சொல்றதா ஏம்மா சொன்னான்?"

"பின்ன இன்னா பண்ணும்? பேஷண்டே சொல்லித்தான் ஆச்சுன்னு தெரிஞ்சா உன் பொண்ணு உன்ன உட்டு வெக்குமா? அந்தக் கால வச்சிக்கினு அது கையாலதான நீ சோறு துன்னணும். டிப்போ ஆளுங்ககிட்ட நீ வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே, அவன் எனக்கோசரம் பொய் சொல்றான்னு இந்த மனுசன் போய் சொல்லிக்கினு வந்துச்சு."

ஒரு ஆள் வந்து மீன் விலை கேட்டான். அவள் அவனை அனுப்பிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அதுக்கப்புறம் அவன் என் வீட்டுக்குள்ள வரவேயில்ல. வெக்கப்பட்டுக்கிட்டுத்தான் வரலன்னு நெனச்சேன்" என்றேன்.

"அதுக்கு ஏதுண்ணா வெக்கம்? பயம். நானும் கேட்டேன், இன்னாய்யா அவரு ஊட்டுப் பக்கமே போவ மாட்றேன்னு. 'அவன் மறுபடி எதுக்கனா ரைட்டுன்னா நா மறுபடி எடுத்துடுவேன்டி. அவன் சொன்னா எனக்குத் திரும்பிப் பாக்கத் தெரியாது'ன்னுச்சு."

சாலையில் வண்டிகள் போய்க்கொண்டிருந்தன. அவள் பெட்டியை என் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். "ரொம்ப நேரம் நிக்காதண்ணா. காலு வலிக்குதா?"

வலித்தது. இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வரவில்லை. நான் எதைச் சொன்னாலும் அவள் அப்படியே எடுத்துக்கொள்வாள் என்று தோன்றியதும் நாக்கு புரளவில்லை. மறுபடி கேட்காமல், அவளே என் முழங்கையைப் பிடித்து ஆட்டோவில் ஏற்றிவிட்டாள்.

அன்றிலிருந்து வீட்டில் மகள் எதையாவது கேட்டால் உடனே பதில் சொல்வதில்லை. சாப்பாடு போதுமா என்றால்கூட யோசித்துச் சொல்கிறேன். அவள் வயசாகிவிட்டது என்று நினைக்கிறாள். உன்னிடம் மட்டும் சொல்கிறேன் மச்சி. காலை நேரக் கூட்டத்தில், ஒரு கையில் டிக்கெட்டும் இன்னொரு கையில் சில்லறையுமாக நான் நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும்போது நீ "ரைட்டா?" என்று கேட்பாய். படிக்கட்டு எனக்கும் தெரியாது. எத்தனையோ நாள் பார்க்காமல்தான் ரைட் கொடுத்தேன். நீ எடுத்தாய்.